இடைச்செருகல்: சோழமண்டலக் கரையின் ஒரு நோய்ச் சுவடி

பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்களின் உழைப்பை நம் வாசகர்கள் நன்கறிவர். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். ஓர் ஏட்டில் உள்ள சொல் மற்றோர் ஏட்டில் வேறாக இருக்கும். படியெடுத்தவர் ஒருவர் செய்த பிழை, அவருடைய ஏட்டைப் பார்த்துப் படியெடுத்த அத்தனை பேரிடமும் தொடரும். ஆகவே ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்ளும் ஏடுகள் ஒரே தாய் ஏட்டின் வழிவந்தவை என்று கொள்ளலாம். இவ்வாறு பிழைகளைக் கொண்டே ஏடுகளுக்கு ஒரு குலமுறை வகுத்துவிட முடியும். அந்தக் குலமுறையைக் குழப்புவது ஒன்று உண்டு. அதற்கு இடைச்செருகல் என்று பெயர். அது தாய் ஏட்டிலிருந்து வந்ததன்று. எங்கோ வேறொரு நூலில் இருந்த பகுதி இடையில் வந்து அமர்ந்துகொண்டது.

நுண்ணுயிரிகளின் வரலாற்றை எழுதுவோர் 1995 முதல் செய்துவருவதும் ஏறத்தாழ இதே வேலைதான். அவ்வாண்டில்தான் ஒரு பாக்டீரியத்தின் மரபணுத்தொகை முதன்முதலாக முழுமையாக வாசிக்கப்பட்டது. மரபணுத்தொகை என்பது நான்கே எழுத்துகளால் ஆன நெடிய ஏடு. பாக்டீரியம் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் அது படியெடுக்கப்படுகிறது. அரிதாக ஓர் எழுத்து பிழைபடுகிறது. பிழை வழிவழியாகத் தொடர்கிறது. இங்கும் இடைச்செருகல் உண்டு. மருந்துக்குச் சாகாமல் தப்பும் ஆற்றல், அதாவது எதிர்ப்புத் திறன், பெரும்பாலும் இடைச்செருகலாகவே ஒரு நுண்ணுயிரியிடமிருந்து மற்றொன்றுக்குப் போகிறது. வாந்திபேதியை உண்டாக்கும் விப்ரியோ காலரே என்னும் நுண்ணுயிரியின் ஏட்டில் அத்தகைய இடைச்செருகல் ஒன்றைப் பற்றியே நாம் இங்குப் பேச விரும்புகிறோம். அது முதலில் அடையாளம் காணப்பட்டது சென்னையில் கிடைத்த ஒரு கிருமியில் என்பதும், அதே நோய் 2022-இல் காரைக்காலை ஓர் அவசரநிலைக்குள் தள்ளியது என்பதும் நாம் இதை எழுதக் காரணங்கள்.

*

காரைக்கால், காவிரிக் கழிமுகத்தின் கடைமடையில் உள்ள சிறு நிலத்துண்டு. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962-இல் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல். திருநள்ளாற்றை அடுத்த சுரக்குடி போன்ற ஊர்கள் இந்நிலத்தின் உட்பகுதியில், வயலும் வாய்க்காலுமாக இருக்கின்றன. அரசியல் எல்லைகள் இந்த ஊர்களைத் தமிழ்நாட்டிலிருந்து பிரித்தாலும், தண்ணீர் அந்த எல்லையை அறியாது. காவிரியிலிருந்து பிரியும் அரசலாறு கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு வந்து காரைக்காலில் கடல் சேர்கிறது. ஈரோடும் திருச்சியும் குடந்தையும் ஆற்றில் விட்டவற்றில் ஒரு பங்கு கடைமடைக்கு வந்தே தீரும். தண்ணீர் வரவில்லை என்பது கடைமடை உழவரின் பழைய முறையீடு. வரும் தண்ணீரில் என்ன வருகிறது என்பது புதிய கேள்வி.

வாந்திபேதிக்கு இக்கரை புதிதன்று. 1817-இல் வங்காளத்தின் ஜெசூரில் மூண்ட கொள்ளைநோய் மறு ஆண்டே தெற்கே சென்னை மாகாணத்துக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அலையலையாக வந்து, ஊர்களைக் காலி செய்துவிட்டுப் போனது. கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று நம்பப்பட்ட காலத்தில், 1854-இல் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ ஒரு தெருவின் தண்ணீர்க் குழாயைச் சுட்டிக்காட்டினார். 1884-இல் ராபர்ட் கோஹ் கல்கத்தாவில் கிருமியைப் பிரித்தெடுத்தார். அது நஞ்சு சுரந்தே குடலைத் தாக்குகிறது என்பதை 1959-இல் அதே நகரத்தில் சம்புநாத் தே மெய்ப்பித்தார். இத்தனை பெரிய கண்டுபிடிப்புக்கு அவருக்குக் கிடைத்த அங்கீகாரம் மிகச் சொற்பம் என்பதையும் இங்கே பதிந்துவைக்க வேண்டும்.

1961-இல் இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் ஏழாம் உலகப் பெருந்தொற்று தொடங்கியது. அதன் காரணி எல் டோர் என்னும் வகை. 1964-இல் அது இந்தியாவை அடைந்தது. உலகில் இன்றும் நடப்பது அந்த ஏழாம் தொற்றுதான்; இன்னும் முடியவில்லை.

*

1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் ஒரு விந்தை நிகழ்ந்தது. நோயாளிகளுக்கு வந்திருப்பது வாந்திபேதிதான்; அதில் ஐயமில்லை. ஆனால் வழக்கமான சோதனைக்கு அந்தக் கிருமி பிடிபடவில்லை. விப்ரியோ காலரேயை அதன் மேலுறையின் அமைப்பை வைத்து எண்ணிட்டு வகைப்படுத்துவது மரபு. அதுவரை 138 வகைகள் அறியப்பட்டிருந்தன; கொள்ளைநோயைப் பரப்பியவை எல்லாம் முதலாம் வகையே. சென்னையில் கிடைத்தது எந்த வகையிலும் அடங்காததால் அதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். வேலூரிலும் மதுரையிலும் அது காணப்பட்டது. சில மாதங்களில் வங்காள விரிகுடாவின் கரை நெடுகப் பரவிக் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் பிடித்தது. பழைய வகையால் நோயுற்று ஓரளவு காப்புப் பெற்றிருந்த பெரியவர்களையும் அது வீழ்த்தியது. புதிய மேலுறையை அவர்கள் உடல் அறிந்திருக்கவில்லை. எட்டாம் பெருந்தொற்று தொடங்கிவிட்டதோ என்று அறிஞர்கள் அஞ்சினார்கள். நல்வாய்ப்பாக அது நிகழவில்லை. ஓ139 ஆசியாவுக்குள்ளேயே நின்று, பின்னர் மெல்ல ஒடுங்கியது.

ஆய்வாளர்கள் அதன் ஏட்டை ஆராய்ந்தபோது உண்மை தெரிந்தது. ஓ139 ஒரு புதிய நூல் அன்று; பழைய எல் டோர் நூலேதான். மேலுறைக்கான இயல் மட்டும் கிழித்தெடுக்கப்பட்டு, வேறோர் இயல் அங்கே தைக்கப்பட்டிருந்தது. அட்டை மாற்றிய புத்தகம் என்று சொல்லலாம்.

இதனோடு மற்றோர் இடைச்செருகலும் இருந்தது. 1992-இல் சென்னையில் பிரித்தெடுக்கப்பட்ட எம்.ஓ.10 என்னும் ஓ139 கிருமி சல்ஃபமெதாக்சசோல், டிரைமெத்தோப்ரிம், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய மருந்துகளுக்குச் சாகவில்லை. இவ்வெதிர்ப்பைத் தரும் மரபணுக்கள் அனைத்தும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருப்பதையும், அம்மூட்டை ஒரு பாக்டீரியத்திலிருந்து மற்றொன்றுக்குத் தானே போகவல்லது என்பதையும் 1996-இல் அமெரிக்காவில் மேத்யூ வால்டோரும் உடனாய்வாளர்களும் காட்டினார்கள். மருந்துகளின் பெயரெழுத்துகளைச் சேர்த்து அதற்கு எஸ்.எக்ஸ்.டி. என்று பெயரிட்டார்கள். 2002-இல் அது முழுமையாக வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் எழுத்துகள். விப்ரியோவின் முழு ஏடு சுமார் நாற்பது லட்சம் எழுத்துகள்; 2000-ஆம் ஆண்டில் வெளியான எல் டோர் மரபணுத்தொகையால் தெரியவந்த அளவு இது. ஆக, நூலின் நாற்பதில் ஒரு பங்கு அளவுள்ள இடைச்செருகல்.

2004-இல் வெளியான ஆய்வு ஒன்று இன்னும் கவலைக்குரியது. டி.என்.ஏ.வுக்குச் சேதம் நேரும்போது பாக்டீரியம் எழுப்பும் அபாய அழைப்பு, எஸ்.எக்ஸ்.டி. மூட்டையைக் கட்டவிழ்த்து வெளியே அனுப்புகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் மருந்து அந்த அழைப்பை எழுப்பக் கூடியது. கொல்லாத அளவில் உட்கொண்ட மருந்து, வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பையும் அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறது என்பது இதன் பொருள். அரைகுறை வைத்தியம் நோயாளி ஒருவரோடு முடிந்துபோவதில்லை.

*

இந்த இடைச்செருகல்கள் எங்கிருந்து வருகின்றன? இங்கேதான் மருத்துவமனையை விட்டு வெளியே வந்து, கழிமுகத்தின் உவர்நீருக்குப் போக வேண்டியிருக்கிறது.

விப்ரியோ காலரே அடிப்படையில் ஒரு நீர்வாழ் உயிரி. மனிதக் குடல் அதன் இடைத்தங்கல். உப்பும் நன்னீரும் கலக்கும் முகத்துவாரங்களில், கண்ணுக்குத் தெரியாத சிறு மிதவை உயிர்களின் ஓடுகளில் ஒட்டிக்கொண்டு அது வாழ்கிறது என்பதை ரீட்டா கோல்வெல் 1970-களிலிருந்து வலியுறுத்தி வந்தார். வங்கதேசத்துக் கிராமங்களில் பழைய சேலைத் துணியைப் பலமுறை மடித்து அதில் தண்ணீரை வடிகட்டச் செய்தபோது வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென்று அவரும் உடனாய்வாளர்களும் 2003-இல் எழுதினார்கள். துணியில் நின்றுபோனவை அந்த மிதவை உயிர்களே.

இறாலுக்கும் நண்டுக்கும் இம்மிதவை உயிர்களுக்கும் ஓடு கைட்டின் என்னும் பொருளால் ஆனது. கைட்டின் மேல் வளரும்போது விப்ரியோ தன் கதவைத் திறந்து, சுற்றியுள்ள நீரில் மிதக்கும் அயல் டி.என்.ஏ. துண்டுகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பது 2005-இல் தெரியவந்தது. இரண்டு ஆண்டு கழித்து, பழைய எல் டோர் கிருமியை ஓ139-இன் டி.என்.ஏ.வோடு கைட்டின் பரப்பில் வைத்தபோது அது மேலுறையை மாற்றிக்கொண்டதைச் சோதனையிலேயே காட்டினார்கள். 1992-இல் நம் கடற்கரையில் நடந்திருக்கக்கூடியதன் ஒத்திகையை 2007-இல் ஆய்வகம் நடத்திக் காட்டியது எனலாம்.

எதிர்ப்புத் திறனும் மனிதர் படைத்ததன்று. ஸ்ட்ரெப்டோமைசின், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிடமிருந்தே 1943-இல் பெறப்பட்டது. நஞ்சைச் சுரப்பவை உள்ள இடத்தில் நஞ்சைத் தாங்குபவையும் இருக்கும். கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த மண்ணில் பென்சிலின் வகை, டெட்ராசைக்ளின் வகை மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் இருந்ததை 2011-இல் கண்டார்கள். நாம் செய்தது அந்தப் பழைய சரக்குக்குப் பெரிய சந்தை திறந்துகொடுத்தது. ஐதராபாத்தை அடுத்த பட்டாஞ்சேருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக ஸ்வீடனைச் சேர்ந்த யோவாகிம் லார்சனும் உடனாய்வாளர்களும் 2007-இல் வெளியிட்டார்கள். மருந்து உண்டவரின் குருதியில் இருக்கும் அளவைவிட இது மிக அதிகம். அங்கே ஆற்று வண்டலின் டி.என்.ஏ.வை நேரடியாக வாசித்தபோது எதிர்ப்பு மரபணுக்கள் குவிந்து கிடந்தன.

*

இந்த நேரடி வாசிப்பைப் பற்றிச் சில சொற்கள். மண்ணிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிரிகளில் பெரும்பான்மையானவற்றை ஆய்வகத் தட்டில் வளர்க்க இயலாது. ஆகவே வளர்ப்பதைக் கைவிட்டு, ஒரு கரண்டி சேற்றில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் பிரித்து வாசிக்கிறார்கள். கருவி முழு ஏட்டை ஒரேயடியாக வாசிப்பதில்லை. நூறு இருநூறு எழுத்து நீளத் துணுக்குகளாகவே பெரும்பாலும் வாசிக்கிறது. ஆயிரம் நூல்களைக் கரையான் அரித்து, துணுக்குகள் ஒரே பெட்டியில் கலந்து கிடப்பதாகக் கொள்ளுங்கள். ஒன்றன் முனை மற்றொன்றன் முனையோடு பொருந்துவதைப் பார்த்துக் கணினி அவற்றைத் தைக்கிறது. ஒரு குறிப்பிட்ட வரி பெட்டிக்குள் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அது எந்த நூலின் வரி என்று சொல்வது கடினம். அது தீங்கற்ற மண்வாசியிடம் இருக்கிறதா, நோய் தரும் கிருமியிடம் இருக்கிறதா என்பது நமக்கு முக்கியம் அல்லவா? ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் வாசிக்கும் பிற்காலக் கருவிகள் இந்தக் குறையை ஓரளவு போக்கியுள்ளன. மரபணு இருப்பதாலேயே மருந்து பலிக்காது என்றும் ஆகாது. ஏட்டில் உள்ள எல்லா வரிகளும் எந்நேரமும் ஓதப்படுவதில்லை. வாசிப்பு எவ்வளவு துல்லியமானாலும் உரை எழுத ஆள் வேண்டும்.

குலமுறை வகுப்பதில் மரபணு வாசிப்பு காட்டிய வல்லமை 2011-இல் வெளிப்பட்டது. உலகெங்கும் பல்லாண்டுகளாகச் சேமித்திருந்த 154 விப்ரியோக்களின் முழு ஏடுகளை ஒப்பிட்டு அங்கூர் முத்ரேஜாவும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, ஏழாம் பெருந்தொற்றின் கிருமிகள் எல்லாம் ஒரே மூதாதையின் வழியினர் என்றும், குறைந்தது மூன்று அலைகளாக அவை வங்காள விரிகுடாப் பகுதியிலிருந்து உலகுக்குப் போயின என்றும் காட்டியது. எஸ்.எக்ஸ்.டி. குடும்பத்து இடைச்செருகல் இவ்வழியில் முதலில் நுழைந்தது 1978-க்கும் 1984-க்கும் இடையே என்றும் அது கணித்தது. அதாவது, சென்னையில் அது கண்ணில் படுவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்பே ஏட்டில் ஏறிவிட்டது. எவரும் எழுதி வைக்காத ஒரு நிகழ்ச்சியின் காலத்தைப் பிழைகளை எண்ணியே கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒரு நேர்மையான எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கிடைத்த ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏடுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான கட்டுரை, அக்கண்டத்தின் கொள்ளைநோய்கள் உள்ளூர் நீரிலிருந்து எழுந்தவை அல்ல என்றது. 1970-க்குப் பின் குறைந்தது பதினொரு முறை ஆசியாவிலிருந்து மனிதரோடு போய் இறங்கியவை அவை. ஆக, முகத்துவாரத்து விப்ரியோக்களெல்லாம் கொள்ளைநோய்க்குக் காத்திருப்பவை அல்ல. நோயை ஊர்விட்டு ஊர் சுமப்பவர் மனிதர். நீர்நிலை என்பது புதிய வரிகள் கைமாறும் சந்தை. இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தது மரபணு வாசிப்பே.

*

வாந்திபேதிக்கு ஆண்டிபயாடிக் முதன்மை மருந்து அன்று என்று மருத்துவம் அறிந்த வாசகர் சொல்லக்கூடும். உண்மைதான். 1971-இல் வங்கதேச அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். விப்ரியோவுக்கு எதிர்ப்புத் திறன் வந்தாலும் உப்புச் சர்க்கரைக் கரைசல் தோற்காது. பின் எதற்குக் கவலை? இடைச்செருகல் ஒரே நூலில் தங்குவதில்லை என்பதால்தான்.

2008-இல் ஸ்வீடனில், புது தில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய இந்திய வம்சாவளியினர் ஒருவரிடம், கடைசி அரண் எனக் கருதப்பட்ட கார்பாபெனம் மருந்துகளையும் சிதைக்கும் மரபணு காணப்பட்டது. என்.டி.எம்.-1 என்று அதற்குப் பெயரிட்டார்கள். முதல் இரண்டு எழுத்துகள் புது தில்லியைக் குறிப்பன. 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வெளியான கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37 எனக் கிருமிகளை அது பட்டியலிட்டது. நாட்டில் எழுந்த சினம் பெரும்பாலும் பெயரைப் பற்றியதாகவே இருந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சூழ்ச்சி என்றார்கள். மறு ஆண்டு தில்லியின் தெருநீர் சோதிக்கப்பட்டது. தேங்கிய கசிவுநீர் 171 மாதிரிகளில் 51-இலும், குழாய்நீர் 50 மாதிரிகளில் 2-இலும் அம்மரபணு இருந்தது. அதைத் தாங்கியிருந்த கிருமிகளில் விப்ரியோ காலரேயும் ஒன்று. அம்மரபணு கைமாறுவதற்கு 30 பாகை வெப்பம் மிக உகந்ததாக இருந்தது. உடலின் வெப்பம் 37 பாகை. 30 என்பது நம் ஊர்ச் சாக்கடையின் வெப்பம்.

பெயர் குறித்த சினத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். நோய்க்கு ஊர்ப்பெயர் வைப்பது அந்த ஊராரை இழிவுபடுத்தும். ஆயினும் தலைப்பைப் பற்றி வாதாடிய நேரத்தில் நூலைப் படித்திருக்கலாம். படித்தவர்களும் இருந்தார்கள். 2012-இல் மருத்துவ அமைப்புகள் பல சென்னையில் கூடி, ஆண்டிபயாடிக் பயன்பாட்டை ஒழுங்குசெய்யக் கோரி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் அதன் பயன். 2017-இல் தேசியச் செயல்திட்டம் வந்தது. கோலிஸ்டின் என்னும் கடைசிக்கட்ட மருந்தைக் கோழி, கால்நடை, மீன் தீவனத்தில் சேர்ப்பது 2019-இல் தடைசெய்யப்பட்டது.

இனிக் காரைக்காலுக்கு வருவோம். 2022 ஜூலைத் தொடக்கத்தில் அங்கே வயிற்றுப்போக்கு பெருகி, சிலரிடம் காலரா உறுதிப்பட்டு, புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகள் மூன்று நாள் மூடப்பட்டன. குடிநீர்க் குழாய்களின் கசிவும் அவற்றில் கழிவுநீர் கலந்ததும் காரணமாகப் பேசப்பட்டன. ஜான் ஸ்நோ ஒரு குழாயைச் சுட்டிக்காட்டி 168 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே காரைக்காலில் 2016 முதல் ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஒரு பாக்டீரியத்தின் ஏட்டை ஓரிரு நாளில் வாசித்துவிடும் தொழில்நுட்பம் நாட்டில் உள்ளது. கிருமியின் நூற்றாண்டு வரலாற்றைச் சொல்லும் அறிவும், நிலத்தடியில் உடைந்து கிடக்கும் குழாயும் ஒரே ஊரில் அருகருகே இருக்கின்றன.

ஏட்டை வாசிப்பதால் என்ன பயன் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. யேமனில் 2016-இல் மூண்ட பெருங்காலராவின் கிருமிகள் எஸ்.எக்ஸ்.டி. மூட்டையின் எதிர்ப்பு மரபணுக்கள் சிலவற்றை இழந்திருந்தன என்று 2019-இல் வாசித்தறிந்தார்கள். அங்கே பல மருந்துகள் இன்னும் பலித்தன. பின்னர் 2018, 2019-இல் எடுத்த ஏடுகளில் பல மருந்துகளை எதிர்க்கும் புதியதொரு பிளாஸ்மிட் நுழைந்திருந்தது. கழற்றிப்போட்ட இடைச்செருகலின் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டது. எந்த மருந்து இன்று உதவும் என்பதை நேற்றைய பதிப்பு சொல்லாது. தொடர்ந்து வாசித்தால்தான் தெரியும்.

ஆனால் எங்கே வாசிப்பது என்பதில்தான் நம் வேண்டுகோள் இருக்கிறது. பெருநகர மருத்துவமனைகளுக்கு வந்து சேரும் நோயாளிகளின் ஏடுகளே மிகுதியும் வாசிக்கப்படுகின்றன. இடைச்செருகல் நிகழும் இடமோ மருத்துவமனைக்கு வெகுதொலைவில், வயலும் சாக்கடையும் இறால் குட்டையும் உவர்நீரும் சந்திக்கும் கடைமடையில். சுரக்குடி போன்ற ஊரின் வாய்க்கால் நீரையும் குடிநீரையும் கழிவையும் ஆண்டுதோறும், காவிரி திறக்கும் முன்னும் திறந்த பின்னும் எடுத்து வாசித்து வைத்தால் பத்தாண்டில் ஒரு கழிமுகத்தின் நோய் வரலாறு கைக்கு வரும். மேலே உள்ள ஊர்கள் எதைக் கீழே அனுப்பின என்பதற்குச் சான்றும் கிடைக்கும். அந்தச் சான்று பன்னாட்டு இதழில் மட்டும் வெளியாகாமல், அவ்வூர் மக்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லப்பட வேண்டும். குழாயை மாற்றக் கோரும் மனுவில் அவர்கள் அதை இணைக்க முடிய வேண்டும்.

சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராகப் போனார். பெரிய மடங்களில் இருந்தவற்றோடு அவர் நின்றிருந்தால் நமக்குக் கிடைத்திருக்கும் நூல்கள் குறைவாகவே இருக்கும்.